காணாமல் போன மூன்று டன்

என் மகளின் ரத்தத்தில் ஈயம் இருப்பதாகப் பரிசோதனைச் சீட்டு வந்த மறுநாள், புகார் கொடுக்கப் பசுமைப் பொருள் வாரியத்துக்குப் போனேன். அவர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள்.

திட்டுவார்கள், அடுத்த வாரம் வரச் சொல்வார்கள், மூன்று நகல் கேட்பார்கள் என்று நினைத்து மூன்று நகலோடு போயிருந்தேன். நன்றிக்கு என்னிடம் நகல் இல்லை.

நான் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவன். படித்தது இயற்பியல். ஒரு நாளைக்கு இருநூறு வீடு. மீட்டரில் தெரிவதை எழுத வேண்டும், கருத்து சொல்லக் கூடாது. கதவு பூட்டியிருந்தால் 'பூட்டு' என்று குறிக்க வேண்டும். அலுவலகத்தில் அந்த வீட்டுக்கு ஒரு சராசரியைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே ஆளே இல்லாவிட்டாலும் காகிதத்தில் சராசரியாக விளக்கு எரியும். என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து எனக்கும் அந்த முறைதான் ஒத்துவருகிறது.

எங்கள் தெருவின் கடைசியில் ஓர் உலை இருக்கிறது. வெளிநாடுகளில் ஓய்ந்துபோன கார் பேட்டரிகள் கப்பலில் வரும். அவற்றை உடைத்து, ஈயத்தை உருக்கி, பாளங்களாக வார்த்து, ஒவ்வொரு பாளத்திலும் பச்சை இலை ஸ்டிக்கர் ஒட்டி, பேட்டரி வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவார்கள். பூமியைத் தோண்டாமல் கிடைத்த ஈயம் என்பதால் அது பசுமைப் பொருள். பசுமைப் பொருளுக்கு எந்த வாசலிலும் சோதனை கிடையாது. இலையைக் கண்டால் தடுப்புக் கம்பு மேலே போக வேண்டும் என்று பல நாடுகள் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டிருக்கின்றன.

உலையின் சாம்பல் எங்கள் ஜன்னல்களில் படியும். என் மகள் அதை விரலால் தொட்டு நக்குவாள். "இனிக்குதுப்பா" என்பாள். ஈயச் சாம்பல் இனிக்கும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். எதைக் கண்டாலும் கடிப்பதால் அவளுக்கு எலி என்று பெயர் வைத்தது என் மச்சான், மனைவியின் தம்பி. வயது நான்கு.

டாக்டர் சீட்டை இரண்டு முறை படித்தார்.

"உங்க மனைவிக்கும் இப்படித்தான் வலிப்பு வந்துச்சா?"

"ஆமா."

"அவங்களுக்கு ரத்தத்துல ஈயம் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க. இறந்து நாலு நாள் கழிச்சு ரிசல்ட் வந்துச்சு."

அவர் பேனாவை மூடி வைத்தார். "மருந்து இருக்கு. ஈயத்தைப் பிடிச்சு சிறுநீர்ல வெளிய தள்ளிடும். ஆனா சாம்பல் விழற வீட்டுல வெச்சுக்கிட்டு அதைக் கொடுக்க முடியாது. இன்னும் கூடுதலா உள்ள இழுத்துக்கும். ஒண்ணு, உலை நிக்கணும். இல்லைன்னா குழந்தை அந்த இடத்தை விட்டு வெளிய வந்து இங்க தங்கணும். மூணு மாசம் டைம். அதுக்கு மேல போனா, மூளையில பட்டது பட்டதுதான்."

முதலில் உலையை நிறுத்திப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். படித்தவன் என்பதால் அப்படித் தோன்றியது.

வாரியம் ஆறு மாடி. ஜன்னல் ஒன்றையும் திறக்க முடியாது; திறந்தால் உள்ளே இருக்கும் காற்றின் தரச் சான்றிதழ் ரத்தாகும் என்று எழுதி ஒட்டியிருந்தது. என் சீட்டை வாங்கிய எழுத்தர் படித்தார். எழுந்தார். நாற்காலி பின்பக்கம் சாய்ந்து விழுந்தது. அதைத் தூக்காமல் உள்ளே ஓடினார். இரண்டு நிமிடத்தில் நான் சமன் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

சமன் அதிகாரி என்பது பதவியின் பெயர். உலைக்குள் போன ஈயமும் வெளியே வந்த ஈயமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. தூங்கி ரொம்ப நாளான முகம். அவர் மேஜைமேல் மூன்று ஜோடி செருப்பு, ஒரு காக்கிச் சட்டை, புகையை வடிகட்டும் துணிப்பை ஒன்று, எல்லாம் தனித்தனிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தன.

"டீ சாப்பிடுங்க," என்றார். "இது உங்க குழந்தையோடதா?"

"ஆமா சார். உலையை நிறுத்தணும்னு எழுதிக் கொண்டு வந்திருக்கேன்."

"அறுபத்திரண்டு." அவர் எண்ணின்மேல் விரல் வைத்திருந்தார். "சார், நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு வருஷமா நான் இதைத்தான் தேடிட்டிருக்கேன்."

பிறகு விளக்கினார். வாங்கும் நாடு ஒரு விதி போட்டிருக்கிறது. உள்ளே வந்த ஈயமும் வெளியே போன ஈயமும் கிலோவுக்குக் கிலோ சரியாக இருக்க வேண்டும். குறைந்தால், அது சுற்றுச்சூழலுக்குப் போய்விட்டதாகப் பொருள். போய்விட்டால் இலை கிடையாது. எங்கள் உலையில் ஆண்டுக்கு மூன்று டன் குறைகிறது.

"கசடுல பார்த்தேன். வடிகட்டிப் பையில பார்த்தேன். தொழிலாளிங்க செருப்பைக் கழட்டி எடை போட்டேன். ஒருத்தனுக்கு மொட்டை போட்டு முடியைச் சோதிச்சேன். பாவம், அடுத்த வாரம் அவன் தங்கச்சி கல்யாணம். எங்கயும் கிடைக்கல. நீங்க பாட்டுக்கு ஒரு கவர்ல வெச்சுக் கொண்டு வந்து கொடுக்கறீங்க."

"சார், அது என் பொண்ணு உடம்புல இருக்கு."

"அதேதான். உடம்புல இருக்கு. காத்துல இல்ல, தண்ணியில இல்ல, மண்ணுல இல்ல. சுற்றுச்சூழலுக்குப் போகவே இல்ல. பத்திரமா இருக்கு." அவர் என் சீட்டின் மூலையில் ஒரு முத்திரை குத்தினார். 'இருப்பு' என்று விழுந்தது. பச்சை மை.

"வீட்டுல வேற யாருக்காவது பார்த்தீங்களா?"

"என் மனைவிக்கு."

"எவ்வளவு?"

"நூத்திப் பத்து."

அவர் அதைப் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். மரியாதையாக இருந்தார். "அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"இறந்துட்டா."

"அது சரி. எங்க இருக்காங்கன்னு கேட்டேன். எரிச்சீங்களா, புதைச்சீங்களா?"

மீட்டரைக் கேட்டால் மீட்டர் எண்ணைத்தான் சொல்லும். நானும் சொன்னேன். "புதைச்சோம்."

அவர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். "நல்ல வேளை. எரிச்சிருந்தா புகையில போயிருக்கும். உங்க பேர்ல வெளியேற்றம்னு எழுத வேண்டி வந்திருக்கும், எனக்கும் சங்கடம். புதைச்சதால அது நிரந்தரச் சேமிப்பு. இதுக்கு மேல உசந்த வகை எங்ககிட்ட கிடையாது."

எழுந்து கை நீட்டினார். நான் கை கொடுத்தேன். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. கை நீண்டிருந்தது, கொடுத்தேன்.

அந்த வாரமே இடுகாட்டில் அவள் தலைமாட்டில் ஒரு பச்சைப் பலகை நட்டார்கள். 'நிரந்தரச் சேமிப்பு. தோண்டாதீர்.' அவள் பெயர் இல்லை. ஓர் எண் இருந்தது.

வாரியத்துக்குப் போன அன்று சாயங்காலமே மச்சான் வந்திருந்தான். அவன் உலையில் லாரி ஓட்டுகிறான். பாளங்களை ஏற்றித் துறைமுகத்தில் இறக்கிவிட்டுத் திரும்புவான். அடுத்த வீடு அவனுடையது. அவன் மனைவிக்கு அப்போது ஐந்து மாதம்.

"என்ன மாமா, உலையை மூடிட்டாங்களா?"

"நன்றி சொன்னாங்க."

"உங்களுக்கா?"

"எலிக்கு."

"அடேங்கப்பா." எலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "பெரிய இடத்துல எல்லாம் உன்னைப் பத்திப் பேசறாங்களாமே. இனிமே மாமா லாரியைத் துடைக்க வரமாட்டல்ல நீ?"

"வருவேன்," என்றாள் எலி.

"உலையை மூடினா உன் வேலை போயிடும்," என்றேன்.

"போகட்டும். அக்காவையே கொடுத்தாச்சு. இன்னும் என்ன சர்வீஸ் வேணுமாம் அவனுங்களுக்கு?" அவளை இறக்கிவிட்டான். "பேசாம வீட்டைக் காலி பண்ணுங்க மாமா. எலியை ஆஸ்பத்திரியில சேருங்க. நாளைக்குக் காலையில என் வண்டியில சாமானை ஏத்திடலாம்."

சரி என்றேன். மறுநாள் காலையில் சாமானைக் கட்டி வாசலில் வைத்தபோது தெருமுனையில் தடுப்புக் கம்பு நின்றது. பக்கத்தில் ஒரு வாட்ச்மேன், கையில் ஒரு பட்டியல். பட்டியலில் ஒரே ஒரு பெயர். என் மகளுடையது.

காரணம் எளிமையானது. இருப்பு எப்போதும் உலை வளாகத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எங்களை வளாகத்துக்குள் கொண்டுபோவது சிரமம். அதனால் வளாகத்தை எங்களிடம் கொண்டுவந்தார்கள். பதினோரு நாளில் தெருவைச் சுற்றி வேலி எழுந்தது. வீடுகள், பள்ளி, குடிநீர்த் தொட்டி, இடுகாடு எல்லாம் உள்ளே. நான் வெளியே வேலைக்குப் போகத் தடையில்லை. எனக்கு இன்னும் ரத்தம் பார்க்கவில்லை. பார்க்காத வரை நான் மனிதன்தான். எலி மட்டும் கம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது சான்றில்லாத ஈய ஏற்றுமதி.

வேலி முடிந்ததும் வாரியத்தின் ஆட்கள் வந்து தெருவின் எல்லாக் குழந்தைகளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். நாற்பத்தொரு பேர். வாட்ச்மேனின் பட்டியல் நீண்டது. சமன் அதிகாரி என் வீட்டுக்கே வந்து கணக்கைக் காட்டினார். அவருக்கு என்மேல் பாசம் வந்திருந்தது.

"ஒரு குழந்தை உடம்புல, எலும்போட சேர்த்து, சராசரியா முப்பது மில்லிகிராம்," என்றார்.

நான் மனதில் பெருக்கிப் பார்த்தேன். பழக்கம். "சார், மூணு டன் வரணும்னா பத்துக் கோடிக் குழந்தைங்க வேணும். எங்க தெருவுல நாற்பத்தொண்ணு."

"தெரியும். அதனாலதான் இனிமே பிறக்கப் போறவங்களையும் சேர்த்திருக்கேன்."

"பத்துக் கோடிப் பேரா? இந்தத் தெருவுலயா?"

"காலவரம்பு எதுவும் விதியில சொல்லல சார்," என்றார் பெருமையாக. "அதுதான் நான் கண்டுபிடிச்சது." காகிதத்தைத் திருப்பினார். "உங்க மச்சான் வீட்டுல ஒண்ணு வரப்போகுதாமே. போட்டாச்சு. ஏழாவது வரி பாருங்க."

பார்த்தேன். 'வரவிருக்கும் இருப்பு: 1.' பக்கத்து வீட்டு ஜன்னலில் மச்சானின் மனைவி சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தினமும் இரண்டு வேளை துடைப்பாள்.

இடத்தை மாற்ற முடியாது, உலையையும் நிறுத்த முடியாது என்றானது. டாக்டரையாவது கேட்கலாம் என்று போனேன். அவர் மேஜையில் ஏற்கெனவே வாரியத்தின் கடிதம் இருந்தது. பட்டியலில் உள்ள குழந்தைக்கு ஈயம் நீக்கும் மருந்து கொடுப்பது, இருப்பைச் சுற்றுச்சூழலுக்குள் வெளியேற்றுவதற்குச் சமம். வெளியேற்ற அனுமதி இல்லாமல் கொடுத்தால் மருத்துவமனையின் பசுமைச் சான்று பறிபோகும்.

"பசுமைச் சான்று போனா என்ன ஆகும்?"

"லிஃப்ட் ஓடாது," என்றார் டாக்டர். "எப்படின்னு கேக்காதீங்க. எனக்கும் புரியல. முதல்ல அந்த அனுமதியை வாங்கப் பாருங்க. கம்புக்கு இந்தப் பக்கம் அவ வந்துட்டா, நான் மாடிப்படியில தூக்கிட்டுப் போய்க்கூட மருந்து கொடுக்கறேன்."

அனுமதிக்கான படிவம் பத்தொன்பது பக்கம். வெளியேற்றும் நிறுவனத்தின் பெயர் என்ற இடத்தில் என் மகளின் பெயரை எழுதினேன். நிறுவப்பட்ட ஆண்டு என்ற இடத்தில் அவள் பிறந்த ஆண்டு. வேலை நேரம்: காலை ஆறரை முதல் இரவு எட்டு வரை, மதியம் ஒரு மணி நேரம் தூக்கம். இயந்திரங்கள்: ஒரு மூன்று சக்கர சைக்கிள். புகைபோக்கியின் உயரம் என்று ஒரு கேள்வி இருந்தது. அவளைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்தேன். தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். குதிகாலைத் தூக்கி நின்றாள். தரையில் வைக்கச் சொன்னேன்.

பதினெட்டு நாளில் பதில் வந்தது. 'முப்பது மீட்டருக்குக் குறைவான உயரத்தில் ஈயம் வெளியேற்ற அனுமதி இல்லை. உயரத்தை அதிகரித்த பின் மீண்டும் விண்ணப்பிக்கவும்.'

உலையின் புகைபோக்கி முப்பத்திரண்டு மீட்டர். விதிப்படிதான் இருக்கிறது.

மேல்முறையீடு செய்தேன். மேல்முறையீட்டு அதிகாரி பொறுமையானவர். நான் பேசியதை முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, நீங்க படிச்சவரு. உங்களுக்கே தெரியும். உலை ஒரு மில்லிகிராம்கூட வெளிய விடலன்னு இப்ப நிரூபணம் ஆயிடுச்சு. இந்த வட்டாரத்துலயே ஈயத்தை வெளிய விடணும்னு அனுமதி கேட்டு வந்திருக்கிற ஒரே ஆள் உங்க பொண்ணுதான். கோப்பைப் பார்க்கற யாருக்கும் என்ன தோணும்? அந்தக் குழந்தைக்குச் சுற்றுச்சூழல்மேல அக்கறை இல்லையேன்னுதான் தோணும்."

அதற்குள் பத்தாவது வாரம். எலி ஒரு வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்து நடுவில் நிறுத்தத் தொடங்கியிருந்தாள். "அப்பா, அந்த... அந்த..." என்று கையை ஆட்டுவாள். கதவைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை.

பத்தாவது வாரக் கடைசியில் விழா. வாங்கும் நாட்டின் ஆய்வாளர் வந்திருந்தார். எங்கள் உலைக்கு இலையை மேலும் ஐந்து ஆண்டுக்கு நீட்டிக்கும் விழா. உலை முற்றத்தில் பந்தல். தெருவின் நாற்பத்தொரு குழந்தைகளையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். எலிக்கு நடுநாற்காலி. அவள்தான் முதல் இருப்பு.

வாரியத் தலைவர் பேசினார். அவர் பேச்சை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

"ஒரு காலத்தில் நம்மைப் பார்த்து, மூன்று டன் எங்கே என்று கேட்டார்கள். தலைகுனிந்து நின்றோம். இன்று நிமிர்ந்து சொல்கிறோம்: எங்கள் மக்களிடம் இருக்கிறது. ஒரு கிராம்கூட வீணாகவில்லை. காற்றுக்கும் நீருக்கும் போயிருக்க வேண்டியதை எங்கள் பிள்ளைகள் தங்கள் எலும்பில் தாங்கி நிற்கிறார்கள். மரம் நச்சுக் காற்றை உறிஞ்சுகிறது, மரத்தைக் கொண்டாடுகிறோம். இந்தப் பிள்ளைகள் மரத்தைவிடக் குறைந்தவர்களா? மரத்தை வெட்டினால் தண்டனை உண்டு. இவர்களுக்கும் அதே பாதுகாப்பைக் கொடுத்து வேலி போட்டிருக்கிறோம்."

கைதட்டினார்கள். எலியும் தட்டினாள். அவளுக்குக் கைதட்டப் பிடிக்கும்.

ஆய்வாளர் பேசியதை ஒரு மொழிபெயர்ப்பாளர் சொன்னார். "எங்கள் நாட்டில் இருபது ஆண்டுகளுக்கு முன் இப்படிப்பட்ட உலைகளை எல்லாம் மூடிவிட்டோம். எங்கள் குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்துத்தான் மூடினோம். அந்த அனுபவம் இருப்பதால்தான் உங்கள் உலைமேல் எங்களுக்கு இத்தனை அக்கறை. எங்கள் மக்கள் இன்று தூய்மையான கார் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் உங்களை நினைத்துக்கொள்வார்கள்."

பேசி முடித்துவிட்டு முன்வரிசைக்கு வந்தார். எலியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். உதவியாளர் ஒருவர் ஓடிவந்து காதில் ஏதோ சொன்னார். ஆய்வாளர் பையிலிருந்து ரப்பர் கையுறைகளை எடுத்து இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டார். பிறகு தூக்கினார். ஈய இருப்பைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது என்பது அவர்கள் விதி.

நான் அருகில் போனேன். "இவளை உங்க நாட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுமான்னு கேளுங்க," என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன்.

ஆய்வாளர் வருத்தத்தோடு நீண்ட பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் சுருக்கினார். "அவங்க நாட்டுல குழந்தைங்க சம்பந்தப்பட்ட எதுலயும் ஈயம் இருக்கக் கூடாதாம். போன மாசம் ஒரு கப்பல் பொம்மையையே திருப்பி அனுப்பிட்டாங்களாம்."

ஆனாலும் அவருக்கு மனம் கேட்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்த சுருளிலிருந்து ஓர் இலை ஸ்டிக்கரைக் கிழித்து எலியின் சட்டையில், நெஞ்சுக்கு நேராக ஒட்டினார். மறுபடி கைதட்டினார்கள். எலி குனிந்து அதை நக்கிப் பார்த்தாள்.

"இனிக்கல," என்றாள்.

பந்தலின் ஓரத்தில் மச்சான் நின்றிருந்தான். ஏற்றி முடித்த லாரி பின்னால் உறுமிக்கொண்டிருந்தது. அவன் எலியின் சட்டையையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மாமா. அதை உரிச்சிடாதீங்க."

இலை ஸ்டிக்கர் சும்மா கிடைப்பதில்லை. பாளத்தில் சூடாக ஒட்டியது கிழியுமே தவிர உரியாது. மீதிச் சுருள் வாரியத்தின் இரும்புப் பெட்டியில் எண்ணி வைத்திருக்கும். பத்து ஆண்டாகப் பாளம் ஏற்றுகிறவனுக்கு அது தெரியும்.

நான் எலியைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறினேன். மதியம் பன்னிரண்டரை மணி. யாரும் எங்களைப் பார்க்கவில்லை. மேடையில் நன்றியுரை நடந்துகொண்டிருந்தது.

தடுப்புக் கம்பருகே வாட்ச்மேன் பட்டியலோடு வந்தான். எலியை அவனுக்கு நன்றாகத் தெரியும். தினமும் அவளோடு பேசுகிறவன்தான்.

"அண்ணே, பாப்பா பேர் லிஸ்ட்ல இருக்கே," என்றான் மச்சானிடம்.

"சட்டையைப் பாரு."

பார்த்தான். பட்டியலைப் பார்த்தான். மறுபடி சட்டையைப் பார்த்தான். "இலை இருக்கு," என்றான்.

"இலை இருந்தா என்ன பண்ணணும்?"

"கம்பைத் தூக்கணும்."

"லிஸ்ட் பார்க்கச் சொல்லி எங்கயாவது எழுதியிருக்கா?"

வாட்ச்மேன் யோசித்தான். "இல்லண்ணே. இலைச் சரக்கை நிறுத்தினா என் வேலைதான் போகும்." அவன் போய்க் கம்பின் கயிற்றை இழுத்தான். வண்டி நகர்ந்தபோது எலிக்குக் கை காட்டினான்.

சாலை இடுகாட்டு வேலியை ஒட்டித்தான் போகிறது. பச்சைப் பலகை தெரிந்தது.

"அம்மாவுக்கும் இலை ஒட்டினா வருவாங்களா?" என்றாள் எலி.

மச்சான் கியரை மாற்றினான். நான் கண்ணாடியை ஏற்றினேன்.

டாக்டர் சொன்னபடியே மருந்து கொடுத்தார். லிஃப்ட் நின்றுபோகவில்லை. மூன்று வாரத்தில் அறுபத்திரண்டு நாற்பத்தொன்பதானது. வலிப்பு வரவில்லை. கதவு என்ற வார்த்தை இன்னும் திரும்பவில்லை. வருமா என்று கேட்டேன். டாக்டர், "பார்க்கலாம்," என்றார். என் மனைவி விஷயத்திலும் ஒரு டாக்டர் அதைத்தான் சொன்னார்.

நான்காவது வாரம், துறைமுகத்துக்குப் போகும் வழியில் மச்சான் வந்தான். எலியின் கட்டிலில் உட்கார்ந்து அவள் மூக்கைத் திருகினான்.

"உங்க வீட்டுக்கு வாரியத்து ஆளுங்க கணக்கெடுக்க வந்தாங்க மாமா. கதவு பூட்டியிருந்துச்சா, 'பூட்டு'ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. எலிக்குச் சராசரியா முப்பது மில்லிகிராம் போட்டாச்சு. யாரும் தேடல. இவ கணக்குல இன்னும் அங்கதான் இருக்கா."

"அதிகாரி என்ன சொன்னார்?"

"கணக்கு சமமா வந்துடுச்சாம். இப்பல்லாம் நல்லாத் தூங்கறாராம்."

மச்சானின் மனைவிக்கு இப்போது எட்டாவது மாதம். ரத்தம் எடுத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வயிற்றில் இருப்பதற்குத் தனி வரி. இரண்டும் கம்பைத் தாண்டக் கூடாது.

"எலி," என்றான். "அந்த இலையை மாமாவுக்குத் தருவியா?"

எலி ஸ்டிக்கரைக் கட்டில் கம்பியில் ஒட்டி வைத்திருந்தாள். "எதுக்கு?"

"அத்தைக்கு. அத்தையும் லாரியில வரணும்ல. அப்புறம் எதிர்வீட்டுப் பையனுக்கு. அப்புறம் அந்த ரெட்டைப் பிள்ளைங்களுக்கு. ஒவ்வொருத்தரா வந்து இறங்கினதும் நான் திரும்ப வாங்கிக்கிட்டுப் போகணும். தெருவே வரிசையில நிக்குது."

ஓர் இலை. நாற்பது பிள்ளைகள், வயிற்றில் ஒன்று. எலி யோசித்தாள். பிறகு நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, நாக்கை நீட்டிக்கொண்டு, மெதுவாக உரித்தாள். கிழியவில்லை. மச்சான் அதை வாங்கித் தன் சட்டையில் ஒட்டிப் பார்த்தான். கை எடுத்ததும் விழுந்தது. எடுத்து மறுபடி கட்டைவிரலால் அழுத்தினான். மறுபடி விழுந்தது.

"பசை போயிடுச்சு," என்றான்.

நான் எழுந்து போய் நர்ஸிடம் ஒரு துண்டு பிளாஸ்டர் கேட்டேன்.